இளைஞர்களுக்குச் சேமிக்கத் தெரியாததால்தான் சொந்த வீடு இல்லையா?

2025 நவம்பர் 8, இரவு

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேமிக்கத் தெரியவில்லை, அதனால்தான் வீடு வாங்க முடியவில்லை என்கிறார்கள். சரிதானா?

சரி என்றுதான் இன்று மதியம் வரை நானும் நினைத்திருந்தேன். அக்கா மகனுக்கு 33 வயது. அவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். ஏழு வருடமாக வாடகை வீடு. "நானும் உன் சித்தப்பாவும் 29 வயசுல வீடு வாங்கினோம். கையை இறுக்கிப் பிடிச்சா நடக்காதா?" என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. போனில் ஒரு கணக்குத் தாளைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தூங்கவைக்கப் போய்விட்டான்.

வருடத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு ஜனவரியிலும் அதே பகுதியில் அதே அளவு ஃபிளாட் என்ன விலை, முன்பணமும் பதிவுச் செலவும் சேர்த்து எவ்வளவு வேண்டும், கையில் எவ்வளவு இருக்கிறது. எல்லாவற்றையும் அந்தந்த வருடத்தில் இருவரும் வாங்கிய மாதச் சம்பளத்தால் வகுத்து எழுதியிருக்கிறான். 2018: தேவை 14 மாதச் சம்பளம், கையில் 2. 2025: தேவை 23, கையில் 13. ஏழு வருடம் சேர்த்த பிறகு, 12 மாதமாக இருந்த குறை 10 மாதமாக ஆகியிருக்கிறது. அவ்வளவுதான்.

அவன் திரும்பி வந்தபோது என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. போனைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

2025 நவம்பர் 9, காலை

"வாடகையாகக் கொடுக்கும் காசை இஎம்ஐயாகக் கட்டலாமே." எல்லோரும் சொல்வது, நானும் சொன்னது.

எங்கள் பழைய கடன் அட்டவணையைத் தேடி எடுத்தேன். 20 வருடம், 8.5 சதவீதம். முதல் மாதத் தவணையில் நூற்றுக்கு 82 பங்கு வட்டிக்குப் போயிருக்கிறது, 18 பங்குதான் அசலில் கழிந்திருக்கிறது. அசலில் பாதி தீர்வதற்கே 13 வருடம் 10 மாதம் என்கிறது அட்டவணை. கடைசி வரை கட்டினால் மொத்த வட்டி வாங்கிய கடனையே தாண்டிவிடுகிறது. அந்தத் தாளில் அன்றே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படித்துப் பார்த்த நினைவே இல்லை.

வட்டி கொஞ்சம் அசைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே போதும். அங்கே 30 வருடத்துக்கு மாறாத வட்டியில் கடன் வாங்குவதுதான் வழக்கம். 2021 ஜனவரியில் சராசரி வட்டி 2.65 சதவீதம் வரை இறங்கியது. 2023 அக்டோபரில் 7.8 சதவீதத்தைத் தொட்டது. கடன் தொகை அதேதான், ஆனால் மாதத் தவணை முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. குறைந்த வட்டியில் வாங்கியவர்கள் விற்கவும் மாட்டேன் என்கிறார்கள். விற்றுவிட்டு இன்னொரு வீட்டுக்குப் போனால் புது வட்டி கட்ட வேண்டுமே. ஆக, தவணையும் ஏறியது, விற்பனைக்கு வரும் வீடும் குறைந்தது.

2025 நவம்பர் 9, இரவு

காலையில் வட்டியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டேன். அவன் தாளில் இஎம்ஐக்கு ஒரு கட்டம்கூட இல்லை. தவணையை இருவரும் கட்டிவிடுவார்கள். அவர்களை வாசலிலேயே நிறுத்துவது முன்பணம்.

வங்கிகள் விலை முழுவதையும் கடனாகத் தருவதில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கி, வீட்டின் மதிப்பில் 125 சதவீதம் வரைகூடக் கடன் கொடுத்தது. 2008 பிப்ரவரியில் அரசே அதை எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது. அதன் பிறகு பல நாடுகளில் கடன் விதிகளை இறுக்கினார்கள். இறுக்கியது தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கண்மூடித்தனமாகக் கடன் கொடுத்தவர்கள் ஒரு தலைமுறை, அதற்காகக் காத்துக் கிடப்பவர்கள் அடுத்த தலைமுறை.

2025 நவம்பர் 11

நேற்று முழுக்க எண்களோடு உட்கார்ந்திருந்தேன். இவன் ஒருவன் கதை இல்லை.

பிரிட்டனில் 25 முதல் 34 வயது வரை உள்ளவர்களில் சொந்த வீடு வைத்திருந்தவர்கள் 1995-96இல் 65 சதவீதம். 2015-16இல் 27. அந்த இருபது வருடத்தில் விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும் வீட்டு விலை 152 சதவீதம் ஏறியது. இதே வயதுக்காரர்களின் குடும்ப வருமானம் ஏறியது 22 சதவீதம்.

இங்கிலாந்தில் 1997இல் ஒரு சராசரி வீடு மூன்றரை வருடச் சம்பளம். 2021இல் ஏறக்குறைய ஒன்பது வருடச் சம்பளம். ஆஸ்திரேலியாவில் இதே வயதுக்காரர்களிடம் 1981இல் 60 சதவீதத்துக்கு மேல் இருந்த சொந்த வீடு 2016இல் 45 சதவீதத்துக்கு இறங்கியது. அமெரிக்க ரியல் எஸ்டேட் முகவர்கள் சங்கத்தின் இந்த வருட ஆய்வில் முதல் வீடு வாங்குபவர்களை வயது வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு வயது 40. 1980களில் இருபதுகளின் கடைசியிலேயே வாங்கிவிட்டார்கள்.

இத்தனை நாட்டுப் பிள்ளைகளும் ஒரே சமயத்தில் ஊதாரியாகிவிட்டார்களா?

2025 நவம்பர் 12

திருத்தம். பிரிட்டன் பற்றிய 65, 27 என்ற எண்கள் அந்த வயதில் எல்லோருக்குமானவை அல்ல. நடுத்தர வருமானக்காரர்களுக்கு மட்டும். அவசரத்தில் எல்லோருக்கும் போல எழுதிவிட்டேன். எனக்கு உறுத்துவது இந்த நடுத்தரம்தான். வசதியானவன் எப்படியும் வாங்குவான். ஏழைக்கு அன்றும் கிடைக்கவில்லை. படித்து, வேலைக்குப் போய், ஒழுங்காக வரி கட்டும் நடுவில் உள்ளவன்தான் கீழே விழுந்திருக்கிறான்.

2025 நவம்பர் 12, கொஞ்சம் கழித்து

"வருஷத்துக்கு ஒரு செல்போன் மாத்துறாங்களே" என்று தம்பி கேட்டான். சரி, கணக்குப் போடுவோம். ஒரு போன் அவர்களுடைய அரை மாதச் சம்பளம் என்றே வைத்துக்கொள்வோம். ஏழு வருடத்தில் ஏழு போன் வாங்கியிருந்தாலும் மூன்றரை மாதம். குறை பத்து மாதம். அதோடு அவன் கையில் இருப்பது நான்கு வருடப் பழைய போன், மூலையில் கண்ணாடி கீறியிருக்கிறது. அந்தக் கணக்குத் தாளை அந்தக் கீறலை விலக்கித்தான் படித்தேன்.

2025 நவம்பர் 15

விலை ஏன் இப்படி ஏறுகிறது?

கட்டடம் வருடா வருடம் பழசாகிறது. விலை ஏறுவது அதன் அடியில் உள்ள மண்ணுக்கு. ஜப்பானில் மரவீட்டுக்கு வரிக் கணக்கில் ஆயுள் 22 வருடம், அதற்குப் பிறகு கட்டடத்துக்கு மதிப்பே இல்லாத மாதிரிதான் பலர் பார்க்கிறார்கள். 2023 கணக்கெடுப்பில் அங்கே 90 லட்சம் வீடுகள் காலி, மொத்தத்தில் 13.8 சதவீதம். படித்ததும், வீடு இருக்கிறதே, பிறகென்ன பஞ்சம் என்று எழுதப் போனேன். ஆனால் அவற்றில் பல, இளைஞர்கள் கிளம்பிப் போய்விட்ட ஊர்களில் இருக்கின்றன. வேலை எங்கே இருக்கிறதோ அங்கே வீடு வேண்டும். பூட்டிக் கிடக்கும் கிராமத்து வீட்டிலிருந்து தினமும் அலுவலகத்துக்குப் போய் வர முடியாது.

வேலை இருக்கும் இடத்தில் மண்ணை நீட்ட முடியாது. மேலே கட்டலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2016இல் விதியை மாற்றினார்கள். குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் முன்பைவிட நெருக்கமாகவும் உயரமாகவும் கட்டலாம் என்றார்கள். ஐந்தாறு வருடத்தில் அனுமதி வாங்கும் வீடுகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானது. விதியை மாற்றினால் வீடு வரும் என்பது அங்கே கண்ணெதிரே நடந்தது.

மற்ற இடங்களில் ஏன் மாற்றுவதில்லை என்று கேட்டுக்கொண்டே கைவேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் எனக்குத் தெரியும். நாளைக்கு எழுதுகிறேன்.

2025 நவம்பர் 16

நாலு வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு நாலு மாடியில் 12 ஃபிளாட் கட்ட விண்ணப்பித்தார்கள். எதிர்வீட்டு அம்மா ஒரு மனுவைக் கொண்டுவந்தார். வெயில் மறைக்கும், தெருவில் வண்டி நிறுத்த இடம் இருக்காது, தண்ணீர் போதாது என்று இரண்டு பக்கம். பதினேழாவது கையெழுத்து என்னுடையது. சமையல் பாதியில் இருந்தது, வாசல் திண்டில் வைத்தே போட்டுக் கொடுத்தேன். அனுமதி கிடைக்கவில்லை. அந்த இடத்தில் இன்னும் பாதி இடிந்த சுவர் நிற்கிறது.

அந்தப் 12 ஃபிளாட்டில் யார் வந்திருப்பார்கள் என்று அன்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வீடு வாங்கியவர்கள் தெருவில் இருக்கிறோம், கூட்டத்துக்குப் போகிறோம், மனுக் கொடுக்கிறோம். இனிமேல் வாங்கப் போகிறவன் அந்தத் தெருவில் இன்னும் இல்லை. அவன் பெயரில் யார் மனுக் கொடுப்பது? மனு ஜெயித்தால் எங்கள் வீட்டு விலையும் ஏறுகிறது. அதையும் அன்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

2025 நவம்பர் 17

சிங்கப்பூரை எழுதாமல் விட்டேன் என்று தம்பி சண்டைக்கு வந்தான். நியாயமான சண்டை.

அங்கே வீட்டு வசதி வாரியம் 1960இல் தொடங்கியது. 1968 முதல் சேமநல நிதியிலிருந்தே வீட்டுக்குப் பணம் எடுக்கவிட்டார்கள். முன்பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை அங்கேயே பிடித்துவிட்டார்கள் பாருங்கள். இன்று அங்கே பத்தில் ஒன்பது குடும்பங்களுக்குச் சொந்த வீடு. சொந்தம் என்றாலும் வாரிய வீடு 99 வருடக் குத்தகைதான். கல்யாணம் ஆகாதவர்கள் தனியாக வாங்க 35 வயது வரை காத்திருக்க வேண்டும். வீட்டை அரசு கொடுக்கும்போது யார் குடும்பம் என்பதையும் அரசே தீர்மானிக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் 33 வயதில் சாவி கையில் இருக்கும் பெற்றோர் அங்கே அதிசயம் இல்லை.

2025 நவம்பர் 19

இதற்கு நேர் எதிரான கேள்வியும் இருக்கிறது. வாங்கித்தான் ஆக வேண்டுமா?

ஜெர்மனியில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் ஏறக்குறைய பாதிப் பேர் நகராட்சி வீட்டிலோ அரசு மானியத்தில் கட்டிய வீட்டிலோ இருக்கிறார்கள். அவர்களை யாரும் தோற்றவர்களாகப் பார்ப்பதில்லை. அங்கே வாடகைக்காரரைச் சட்டென்று கிளப்ப முடியாது.

இதைப் படித்ததும் அவனுக்கு போன் செய்து, "வாடகையிலேயே நிம்மதியா இருந்துடலாம் போலிருக்கே" என்றேன்.

"சித்தி, ஏழு வருஷத்துல நாலு வீடு மாறியிருக்கோம்" என்றான். ஒரு ஓனர் வீட்டை விற்றார், ஒருவர் மகனுக்கு வேண்டும் என்றார், ஒருவர் வாடகையைக் கட்ட முடியாத அளவுக்கு ஏற்றினார். அவர்கள் வீட்டுப் பரணில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவில் "புக்ஸ் - ஹால்" என்று எழுதி, அதை அடித்து "புக்ஸ் - பெட்ரூம்" என்று எழுதியிருக்கும். இரண்டாவது வீட்டில் ஒட்டிய டேப்பை இன்னும் பிரிக்கவே இல்லை. எப்படியும் மறுபடி கட்டத்தான் போகிறோம் என்றானாம் அவன் மனைவியிடம்.

அவனுக்கு வேண்டியது பத்திரத்தில் பெயரைவிட, அந்தப் பெட்டியைப் பிரிக்கும் தைரியம் என்று தோன்றுகிறது. வாடகையில் அந்த உறுதி கிடைத்தால் வீடு வாங்குவோர் எண்ணிக்கை குறைவதைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன்.

2025 நவம்பர் 23

வேலை. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். வங்கி கேட்பது தொடர்ந்து வரும் சம்பளம். இன்றைய பிள்ளைகளுக்கு ஒப்பந்த வேலை, இரண்டு வருடத்துக்கு ஒரு கம்பெனி, நடுவில் மூன்று மாத இடைவெளி. 20 வருடக் கடனுக்கு அடுத்த 20 மாதமே தெரியாதவன் எப்படிக் கையெழுத்துப் போடுவான்?

இன்னொன்று. இரண்டு சம்பளம் வந்தால் வீடு சுலபமாகும் என்று நினைத்தோம். எல்லா வீட்டிலும் இரண்டு சம்பளம் வந்தபோது, இரண்டு சம்பளம் எவ்வளவு தாங்குமோ அந்த இடத்துக்கு விலையும் போய்விட்டது. ஒருவர் வேலையை இழந்தால் தவணை நிற்கிறது. தனியாக இருப்பவர் போட்டியிலேயே இல்லை. என் தோழி தனியாக இருப்பவள், 41 வயது, நல்ல வேலை. "எனக்கு வேண்டியது பாதி வீடு, யாரும் பாதி விலைக்கு விற்க மாட்டேங்கிறாங்க" என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள், ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

2025 நவம்பர் 24

கட்டி முடிக்காத வீட்டை வாங்குவதைப் பற்றி ஒரு குறிப்பு. அவன் அலுவலகத்தில் ஒருவர் மலிவாக இருக்கிறது என்று முன்கூட்டியே புக் செய்தார். மூன்று வருடமாக வாடகையும் கட்டுகிறார், தவணையும் கட்டுகிறார். ஃபிளாட் ஆறாவது மாடி, கட்டடம் நாலாவதோடு நிற்கிறது. சீனாவில் 2022இல் இப்படிச் சிக்கியவர்கள் பல நகரங்களில் ஒன்று சேர்ந்து தவணை கட்ட மாட்டோம் என்று அறிவித்தார்கள். எவர்கிராண்ட் என்ற பெரிய சீன வீட்டுக் கட்டுமான நிறுவனத்தைக் கலைக்கச் சொல்லி ஹாங்காங் நீதிமன்றம் 2024 ஜனவரியில் உத்தரவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பயப்படுவதைக் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது.

2025 டிசம்பர் 2

முதல் நாள் எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. தெரிந்து எழுதவில்லை.

கடன் அட்டவணை இருந்த கோப்பை முழுவதும் புரட்டினேன். அடியில் ஒரு வங்கி வரைவோலையின் நகல், ஓரம் மஞ்சளாகி இருந்தது. அப்பா பணி ஓய்வு பெற்ற வருடம் எங்களுக்குக் கொடுத்தது. எங்கள் முன்பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அது. திருப்பித் தருகிறோம் என்று சொன்னோம். பிறகு மகள் பிறந்தாள், பிறகு அப்பாவே வேண்டாம் என்றார், பிறகு அப்பா இல்லை. இருபது வருடமாக "கையை இறுக்கிப் பிடித்து வாங்கினோம்" என்று சொல்லிச் சொல்லி அந்தத் தாள் என் நினைவிலிருந்தே போய்விட்டது.

அக்காவுக்கு அப்பா கொடுக்கவில்லையா? கொடுத்தார். ஆனால் அந்தச் சமயத்தில் அக்கா கணவருக்கு உடம்பு சரியில்லை, பணம் மருத்துவமனைக்குப் போயிற்று. ஆகவே எங்களுக்கு வீடு, அவர்களுக்கு வாடகை. அடுத்த தலைமுறையில் என் மகளுக்கு அடமானம் வைக்க ஒரு வீடு இருக்கிறது, அக்கா மகனுக்கு இல்லை. அவன் என் மகளைவிட ஒழுங்காகச் சேமிப்பவன். இதில் யாருடைய சிக்கனம் எங்கே வருகிறது?

எந்த நாட்டுக் கணக்கை எடுத்தாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வருகிறேன். சம்பளத்தால் எட்ட முடியாத விலை வந்த பிறகு, யார் வாங்குகிறார்கள் என்பதை அப்பா அம்மாவிடம் என்ன இருந்தது என்பது முடிவு செய்கிறது.

2025 டிசம்பர் 3

"அப்படியானால் முயற்சியே வீண் என்கிறாயா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். இல்லை. நாங்களும் உழைத்தோம், இரண்டு வருடம் எங்கும் போகாமல் இருந்தோம். அந்த மூன்றில் இரண்டு பங்கு எங்களுடையதுதான். மிச்ச ஒரு பங்கு இல்லாமல் அது வீடாகியிருக்காது என்பதைத்தான் சொல்கிறேன். அப்பா கொடுத்த அந்த ஒரு பங்கை அவன் தாளின் அளவுகோலில் மாற்றிப் பார்த்தேன். அன்றைய எங்கள் சம்பளத்தில் ஏழு மாதம்.

2025 டிசம்பர் 14

அவன் வீட்டுக்குப் போனேன். வரைவோலை நகலைக் காட்டினேன். முதல் நாள் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். ஐந்து மாதச் சம்பளம் அளவுக்கு நாங்கள் தருகிறோம், வட்டி வேண்டாம், முடிந்தபோது திருப்பிக் கொடு என்றேன்.

ரொம்ப நேரம் அந்த நகலையே பார்த்துக்கொண்டிருந்தான். "தாத்தா கையெழுத்து இவ்வளவு சின்னதா இருக்கும்னு தெரியாது சித்தி" என்றான். பணத்தைப் பற்றி, யோசித்துச் சொல்கிறேன் என்றான். வற்புறுத்தவில்லை.

திரும்பி வரும் வழியில் தோன்றியது: நான் செய்யப் போவதும் அப்பா செய்ததுதான். அவனுக்குச் சித்தி இருக்கிறாள். ஆறாவது மாடிக்காரருக்கு யார்? அதனால் கொடுக்காமல் இருக்கப் போவதில்லை. ஆனால் இதைத் தீர்வு என்று எங்கும் எழுத மாட்டேன்.

2025 டிசம்பர் 20

பாதி இடிந்த சுவர் இருக்கும் மனைக்கு மறுபடியும் விண்ணப்பம் வந்திருக்கிறது. இந்தத் தடவை மூன்று மாடி, 9 ஃபிளாட். எதிர்வீட்டு அம்மா புது மனுவோடு வந்தார். கையெழுத்துப் போட முடியாது என்று காரணத்தோடு சொன்னேன். கேட்டுக்கொண்டார், முகம் கொடுக்காமல் போய்விட்டார். நகராட்சிக்கு, பழைய மனுவில் உள்ள என் கையெழுத்தை ஆட்சேபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இந்தக் கட்டடம் வரட்டும் என்று தனியாக ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். தண்ணீரைப் பற்றிய கேள்வி மட்டும் நியாயமானது. அதை ஒன்பது வீட்டை நிறுத்தாமலே கேட்கலாம், கேட்டிருக்கிறேன்.

2026 ஜனவரி 4

இன்று காலை அவனிடமிருந்து தாள் வந்தது. புது வரி சேர்த்திருக்கிறான்.

2026: தேவை 24, கையில் 14.

பக்கத்தில் ஒரு கட்டம் புதிதாகப் போட்டு "சித்தி" என்று எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே இன்னும் எண் எதுவும் இல்லை.